பாட்டிலா, பொடியா, மூட்டையா? மாடித் தொட்டிக்குச் சத்து நீர் கலக்கும் மூன்று வழிகள்

மண்ணில்லாமல் தண்ணீரிலேயே செடி வளர்க்க (இதைத்தான் ஹைட்ரோபோனிக்ஸ் என்கிறார்கள்) மொட்டை மாடியில் நாலு குழாய் அடித்து, கீழே ஒரு டிரம் வைத்து, பம்பையும் மாட்டி முடித்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் இதுதான்: தண்ணீரில் எதைக் கரைப்பது? ஹைட்ரோபோனிக்ஸ் கடையில் கேட்டால் 'ஏ', 'பி' என்று இரண்டு பாட்டில் தருவார்கள். இணையத்தில் தேடினால் மூன்று பொடிப் பாக்கெட் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவரைக் கேட்டால், "உரக்கடையில் மூட்டையாக வாங்கி நீங்களே கலந்துகொள்ளுங்கள், பாட்டிலுக்கு எதற்குத் தண்டம் அழுகிறீர்கள்?" என்பார். மூவர் சொல்வதும் சரிதான். யாருக்குச் சரி என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.

எது 'நல்ல உரம்' என்ற கேள்வியை முதலில் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். மூன்று வழியிலும் வேருக்குப் போய்ச் சேர்வது ஒன்றேதான்: நைட்ரேட், பாஸ்பேட், சல்பேட், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இம்மியளவு இரும்பு, போரான் முதலிய நுண்சத்துகள். முடிவைத் தீர்மானிப்பது முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீர், அடுத்து தொட்டியின் லிட்டர், கடைசியில் உங்கள் பொறுமை.

## எதை வைத்து எடை போடுவது?

தண்ணீர். ஆர்ஓ சர்வீஸ்காரர் குழாய் நீரில் முக்கிக் காட்டும் பேனா மீட்டர் இருக்கிறதல்லவா, அது போதும் தொடங்குவதற்கு. அது உண்மையில் அளப்பது இசி, அதாவது நீரின் மின் கடத்துதிறன்; கரைந்த உப்பு கூடக் கூட அது ஏறும். பெரும்பாலான பேனாக்கள் அதை 500-ஆல் பெருக்கி டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) என்று காட்டும்; அதாவது டிடிஎஸ் 500 என்றால் இசி 1.0 மில்லிசீமென்ஸ். சில மீட்டர்கள் 700 கணக்கில் காட்டும். ஒரே தண்ணீரை இருவர் அளந்து இரண்டு எண் சொல்லிச் சண்டை போடுவது இதனால்தான். எனவே இங்கே எல்லாவற்றையும் இசியிலேயே சொல்கிறேன்.

லெட்யூஸ் எனும் சாலட் கீரைக்கு வேண்டிய மொத்த இசியே 1.2 முதல் 1.8 வரைதான். உங்கள் போர் தண்ணீர் வெறும் தண்ணீராக இருக்கும்போதே 1.0 காட்டினால், செடிக்கு நீங்கள் சோறு போடும் முன்பே யாரோ உப்பைப் போட்டு இலையை நிரப்பிவிட்டார்கள் என்று பொருள். அந்த உப்பில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் பாதி லாபம். சோடியமும் குளோரைடும் இருந்தால் முழு நஷ்டம். எது எவ்வளவு என்று பேனா மீட்டர் சொல்லாது; அதற்குத் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

என் கணக்கு இப்படி: இசி 0.3-க்குக் கீழ் என்றால் எந்த வழியும் ஓடும். 0.3 முதல் 0.8 வரை என்றால் ஓடும், ஆனால் பிஎச் (நீரின் அமில-கார அளவு) தினமும் மேலே ஏறும். அதை இறக்க அமிலம் செலவாகும். அதற்கு மேல் என்றால் ஆர்ஓ நீரையோ மழை நீரையோ சரிபாதி கலந்தே ஆக வேண்டும். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் நல்ல நீர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். உரத்தின் விலையைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த நீரைக் கணக்கில் எழுதுவதே இல்லை. தமிழ்நாட்டில் 2003-இலேயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். பெரும்பாலான வீடுகளில் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் தயாராகவே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழை கூரையைக் கழுவிப் போனபின் இரண்டு டிரம் பிடித்து மூடிவைத்தால், அது ஆர்ஓ நீருக்குச் சளைத்ததல்ல.

தொட்டியின் அளவு. 20 லிட்டர் பக்கெட்டும் 500 லிட்டர் சிந்தெக்ஸும் ஒரே முடிவுக்கு வர முடியாது.

எடை போடும் துல்லியம். சமையலறைத் தராசு ஒரு கிராம் வரை சொல்லும். சில உப்புகளுக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம்.

தவறினால் என்ன ஆகும்? மண்ணில் உரம் கூடிப்போனால் மண் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரில் அந்தத் தாட்சண்யம் கிடையாது. சீக்கிரமே இலை நுனி கருகிவிடும்.

## முதல் வழி: ஏ-பி பாட்டில்

ஏன் இரண்டு பாட்டில்? ஒன்றாகவே தந்தால் என்ன? இதைப் புரிந்துகொண்டால் மற்ற இரண்டு வழிகளும் தானாகவே புரிந்துவிடும். கெட்டிக் கரைசலில் கால்சியமும் சல்பேட்டும் சந்தித்தால் ஜிப்சம். கால்சியமும் பாஸ்பேட்டும் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட். இரண்டும் கரையாமல் அடியில் படிந்துவிடும். படிந்தது செடிக்கு இல்லை. அதனால் 'ஏ'-யில் கால்சியம் நைட்ரேட்டும் பெரும்பாலும் இரும்பும், 'பி'-யில் மற்றவை. தொட்டி நிறைய நீர் இருக்கும்போது இரண்டும் நீர்த்துப்போவதால் சண்டை வராது.

எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மாதம், வேலை மிச்சம் என்று இரண்டையும் ஒரே மக்கில் அளந்து ஊற்றிக் கலக்கினேன். மக்கில் மோர் தயாரானது. அதையும் அப்படியே தொட்டியில் ஊற்றிவிட்டு, மீட்டர் ஏன் குறைவாகக் காட்டுகிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். பம்ப் வடிகட்டியில் ஒட்டிய அந்த வெள்ளைப் படிவைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

சரி, பாட்டிலின் நல்ல பக்கம்: எடை போட வேண்டாம். மருந்து அளக்கும் மூடி போதும். நுண்சத்துகளை அவர்களே சரியான அளவில் கரைத்துவிட்டார்கள். தொட்டியில் நீரை நிரப்பி, 'ஏ'-யை ஊற்றிக் கலக்கி, ஐந்து நிமிடம் கழித்து 'பி'-யை ஊற்றிக் கலக்கி, கடைசியில் பிஎச் பார்த்தால் வேலை முடிந்தது.

மறைந்த செலவு எங்கே? நீங்கள் காசு கொடுப்பது பெரும்பகுதி தண்ணீருக்கும், அதைச் சுமந்து வரும் கூரியருக்கும். பல பாட்டில்களில் லிட்டருக்கு ஒவ்வொன்றிலும் 2 முதல் 5 மி.லி. என்று போட்டிருக்கும். 3 மி.லி. என்றே வைத்துக்கொள்வோம்: 40 லிட்டர் தொட்டிக்கு ஒவ்வொன்றிலும் 120 மி.லி., ஒரு லிட்டர் ஜோடி எட்டு முறைக்கு வரும். உங்கள் ஊர் விலையை எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், விகிதத்தை மாற்ற முடியாது. ஏற்கெனவே கால்சியம் நிறைந்த போர் தண்ணீரில் இன்னும் கால்சியத்தைத்தான் 'ஏ' கொண்டுவந்து கொட்டும். வேண்டாம் என்று 'ஏ'-யைக் குறைத்தால் நைட்ரஜனும் சேர்ந்து குறையும். சத்து விகிதமே அச்சிடாத லேபிளோடு வரும் பாட்டிலை நான் வாங்குவதில்லை.

50 லிட்டருக்குக் கீழ்த் தொட்டி, நல்ல தண்ணீர், முதல் ஆறு மாதம் என்றால் பாட்டிலே சரி. யாராவது "தண்டம்" என்று சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

## இரண்டாம் வழி: மூன்று பொடி

கால்சியம் நைட்ரேட், எப்சம் உப்பு எனும் மெக்னீசியம் சல்பேட், நுண்சத்து கலந்த ஒரு என்பிகே (நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம்) பொடி. இந்த மூன்றாவதில் பிரபலமானது 4-18-38 என்ற விகிதம். அமெரிக்காவில் தக்காளிக்கென்று வந்த மாஸ்டர்பிளெண்ட் அந்த வகை. அதே விகிதத்தில் இங்கேயும் பொடிகள் கிடைக்கின்றன. அவர்கள் கேலனுக்கு (ஏறக்குறைய 3.8 லிட்டர்) 2.4, 2.4, 1.2 கிராம் என்பார்கள். நமக்கு அது லிட்டருக்கு ஏறக்குறைய என்பிகே 0.6 கிராம், கால்சியம் நைட்ரேட் 0.6, எப்சம் 0.3. இரண்டுக்கு இரண்டுக்கு ஒன்று. மனத்தில் நிற்கும் கணக்கு. லெட்யூஸுக்கு இது ஏறத்தாழ மேல் எல்லை, நாற்றுக்குப் பாதி போதும். கீரையோ புதினாவோ நன்றாக எழும்பிவிட்டால் முழு அளவும் கொடுக்கலாம்.

வரிசை முக்கியம்: முதலில் தொட்டி நிறைய நீர், அதில் என்பிகே, கரைந்தபின் எப்சம், கடைசியில் தனிக் குவளையில் கரைத்த கால்சியம் நைட்ரேட். நீரில்லாத பக்கெட்டில் மூன்று பொடியையும் போட்டு மேலே குழாயைத் திறந்தால் மறுபடியும் மோர்தான்.

40 லிட்டருக்கு 24, 24, 12 கிராம். ஆளுக்கு ஒரு கிலோ வாங்கினால் என்பிகேயும் கால்சியம் நைட்ரேட்டும் நாற்பது நிரப்புக்கு வரும், எப்சம் அதற்கு இரண்டு மடங்கு. பாட்டிலின் எட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதிலும் சில வில்லங்கங்கள் உண்டு. கால்சியம் நைட்ரேட் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். சென்னைக் காற்றில் பாக்கெட்டைத் திறந்து கிளிப் மாட்டி வைத்தால் சில நாளில் சர்க்கரைப் பாகாகிவிடும். பாகை எடை போட்டால் பாதி எடை தண்ணீருடையது. இறுக மூடும் ஊறுகாய் ஜாடி அவசியம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: என்பிகே பொடியில் நுண்சத்து மணிகள் ஆங்காங்கே கிடக்கும். கூரியரில் குலுங்கி வந்த பாக்கெட்டில் மேல் கரண்டியும் அடிக் கரண்டியும் ஒன்றல்ல. கிள்ளிக் கிள்ளி எடுத்துப் போடாமல், பாக்கெட்டை முழுதாக ஒரு கேனில் கரைத்து, அந்தக் கரைசலை மி.லி. கணக்கில் எடுப்பதே நல்லது. கால்சியம் நைட்ரேட்டை வேறு கேனில் கரையுங்கள். ஆக, நீங்களே வீட்டில் ஏ-பி பாட்டில் தயாரித்துவிட்டீர்கள்.

50 முதல் 200 லிட்டர் வரை, இசி 0.8-க்குக் கீழ் உள்ள நீர், ஒரு கிராம் தராசு, வாரத்துக்கு அரைமணி நேரம். மாடித் தோட்டக்காரர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் வந்து உட்காருவார்கள் என்பது என் கணிப்பு. நானும் இங்கேதான் இருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. 'தண்ணீரில் கரையும் உரம்' என்ற பெயரில் 19-19-19-ஐ யாராவது தலையில் கட்டினால் வாங்காதீர்கள். வயலில் அது நல்ல சரக்கு. ஆனால் கால்சியம் சுத்தமாக இல்லை, நைட்ரஜனிலும் பாதிக்கு மேல் யூரியா. யூரியாவை உடைத்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உண்டு. உங்கள் பிவிசி குழாயில் அந்த ஏற்பாடு இல்லை. பஞ்சகவ்யத்தைத் தொட்டியில் ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். கூடவே அது நீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்று, பம்பை அடைத்து, பக்கத்து வீட்டுக்காரரைப் படியேறி வரவைக்கும். மண் தொட்டிக்குக் கொடுங்கள்.

## மூன்றாம் வழி: மூட்டை உப்புகள்

உப்புகளைத் தனித்தனியே வாங்கி எடை போட்டுக் கலப்பது புது வித்தை அல்ல. 1946-47 வாக்கில் வங்காள மலைப்பகுதியான காளிம்போங்கில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்ற ஆய்வாளர் மணலும் சரளையும் நிரப்பிய பாத்தியில், கையில் கிடைத்த உலர் உரங்களை வைத்தே பயிர் வளர்த்துக் காட்டினார். அதற்கு முன்பே 1938-இல் கலிபோர்னியாவில் தாவர ஆய்வாளர்களான ஹோக்லண்டும் ஆர்னனும் வெளியிட்ட கரைசல்தான் இன்றைய செய்முறைகளில் பலவற்றுக்கும் பாட்டி. அதில் நைட்ரஜன் 210 பிபிஎம் (லிட்டருக்கு 210 மில்லிகிராம்), பொட்டாசியம் 235, கால்சியம் 200. இலைக் காய்கறிக்கு அது கொஞ்சம் கனம்.

நல்ல தண்ணீர் 100 லிட்டருக்கு, இலைவகைகளுக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கு இது:

| உப்பு | கிராம் | என்ன தருகிறது |
|---|---|---|
| கால்சியம் நைட்ரேட் (15.5% நைட்ரஜன், 19% கால்சியம்) | 60 | கால்சியம் 114, நைட்ரஜன் 93 பிபிஎம் |
| பொட்டாசியம் நைட்ரேட் (13-0-45) | 35 | நைட்ரஜன் 45, பொட்டாசியம் 131 |
| எம்கேபி எனும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் (0-52-34) | 15 | பாஸ்பரஸ் 34, பொட்டாசியம் 42 |
| எப்சம் உப்பு | 35 | மெக்னீசியம் 34, சல்பர் 45 |
| டிடிபிஏ இரும்பு (11%) | 1.8 | இரும்பு 2 |

மொத்த இசி 1.3-ஐ ஒட்டி நிற்கும். நாலு பெரிய உப்பும் சேர்ந்து 150 கிராம்கூட இல்லை பாருங்கள். லிட்டர் கணக்கில் இதைவிட மலிவாக எதுவும் கிடையாது.

ஆனால் மூட்டை 25 கிலோ. கால்சியம் நைட்ரேட் மூட்டை ஒன்று 41,000 லிட்டருக்கு வரும். 40 லிட்டர் தொட்டியை வாரம் தவறாமல் கொட்டி மாற்றினாலும் அதைத் தீர்க்க இருபது வருஷம் ஆகும். அதற்குள் அது கல்லாகியிருக்கும், அல்லது பாகாகியிருக்கும், உங்களுக்கும் ஓய்வு வயது வந்திருக்கும். சில்லறையாக வாங்கினால் பொடிப் பாக்கெட்டின் விலைக்கு வந்துவிடும். நைட்ரேட் உப்புகளைச் சமையலறை வெப்பத்திலிருந்தும், குழந்தைகளிடமிருந்தும், காகிதம், மரத்தூள் போன்றவற்றிலிருந்தும் தள்ளி வைக்க இடமும் வேண்டும்.

நுண்சத்துதான் உண்மையான தலைவலி. 100 லிட்டருக்கு 0.05 பிபிஎம் மாலிப்டினம் வேண்டுமென்றால் அம்மோனியம் மாலிப்டேட் 9 மில்லிகிராம். ஒரு கல் உப்பின் எடைகூட இராது. போரானில் கை கொஞ்சம் தாராளமாகப் போனால் விஷம். இங்கே வீரம் காட்ட வேண்டாம். கலந்த நுண்சத்துப் பாக்கெட்டையே வாங்குங்கள். அதில் இரும்பை எதோடு பிணைத்திருக்கிறார்கள், ஈடிடிஏவா டிடிபிஏவா என்று மட்டும் பாருங்கள். ஈடிடிஏ இரும்பு பிஎச் 6.5-ஐத் தாண்டினால் கைவிட்டுவிடும். டிடிபிஏ 7 வரை தாங்கும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், இரும்பை அள்ளிப் போடும் முன் பிஎச் பாருங்கள்.

மூட்டை வழியின் அசல் பலம் விலையில்கூட இல்லை, தண்ணீருக்கேற்ப விகிதத்தை மாற்றும் சுதந்திரத்தில் இருக்கிறது. ஆய்வக அறிக்கையில் உங்கள் போர் நீரில் கால்சியம் 80 பிபிஎம் என்று வந்தால், கால்சியம் நைட்ரேட்டை 60-லிருந்து 18 கிராமுக்கு இறக்கிவிடலாம். குறையும் நைட்ரஜன் 65 பிபிஎம். பெரிய பண்ணைகளில் பிஎச் இறக்குவதற்கு நைட்ரிக் அமிலமே ஊற்றுவார்கள்; காரத்தையும் முறித்து, அந்த நைட்ரஜனையும் பெரிதளவு அதுவே கொடுத்துவிடும். அழகான கணக்கு. ஆனால் வீட்டு மாடியில் நைட்ரிக் அமிலக் கேன் வேண்டவே வேண்டாம்.

200 லிட்டருக்கு மேல், ஆண்டு முழுக்க ஓடும் அமைப்பு, கடினமான நீர், கையில் தண்ணீர் அறிக்கை: இந்த நான்கில் குறைந்தது மூன்று இருந்தால் மூட்டைக்குப் போங்கள். நாலைந்து மாடித் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு மூட்டையைப் பிரித்துக்கொள்வது இன்னும் நல்லது.

## பக்கத்தில் பக்கமாக

| | பாட்டில் | மூன்று பொடி | மூட்டை |
|---|---|---|---|
| ஏற்ற தொட்டி | 50 லிட்டர் வரை | 50-200 | 200-க்கு மேல் |
| முதல் முதலீடு | குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| லிட்டருக்குச் செலவு | மிக அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| கருவி | அளவு மூடி | 1 கிராம் தராசு | 0.01 கிராம் தராசு, தண்ணீர் அறிக்கை |
| கடின நீரில் | சிரமம் | நீர் கலந்தால் ஓடும் | விகிதத்தையே மாற்றலாம் |
| வழக்கமான தவறு | இரண்டையும் ஒன்றாக ஊற்றுவது | ஈரம் குடித்த பொடி | நுண்சத்து அளவு |

இசி, பிஎச் மீட்டர்கள் மூன்று வழிக்கும் பொது. பிஎச் மீட்டரோடு வரும் 4.01, 6.86 பொடிகளைக் கரைத்து மாதம் ஒருமுறை மீட்டரைச் சரிபார்க்காவிட்டால் அது சொல்வது ஜோசியம்.

## ஊற்றிக்கொண்டே போவதா, கொட்டி மாற்றுவதா?

எதைக் கரைத்தாலும் இரண்டாம் வாரம் இந்தக் கேள்வி வரும். வளர்ந்த 24 லெட்யூஸ் வெயில் நாளில் என் தொட்டியிலிருந்து நாலைந்து லிட்டர் குடிக்கும். மட்டம் இறங்கும்போது மீட்டரைப் பாருங்கள். இசி ஏறியிருந்தால் செடி சத்தைவிட நீரை அதிகம் எடுத்திருக்கிறது. வெறும் நீர் ஊற்றுங்கள். இறங்கியிருந்தால் பசி, சத்து நீர் ஊற்றுங்கள். அப்படியே நின்றால் அதே அளவுக் கரைசலை ஊற்றினால் போதும். சென்னையில் மார்ச் முதல் ஜூன் வரை பெரும்பாலும் முதல் ரகம்தான்.

ஊற்றிக்கொண்டே போவது நீரையும் உரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் செடி தொடாத சோடியமும் குளோரைடும் தொட்டியில் தங்கிக்கொண்டே வரும். மீட்டரோ எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் காட்டும். இசி 1.4 என்று அழகாக நிற்கும், அதில் பாதி வெறும் உப்பாக இருக்கும். இதற்கு ஒரு எளிய கை அளவு: இதுவரை ஊற்றிய நீரின் மொத்தம் தொட்டியின் கொள்ளளவைத் தொட்டதும் கொட்டி மாற்றுங்கள். 40 லிட்டர் தொட்டிக்குக் கோடையில் பத்து நாளுக்குள் அது வந்துவிடும். ஆர்ஓ, மழை நீர்க்காரர்கள் அதை இரண்டு மடங்காக நீட்டிக்கலாம். இசி 0.8-க்கு மேல் உள்ள போர் நீரை அப்படியே ஊற்றுகிறவர்கள் நீட்டிக்கவே கூடாது.

பிஎச் 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும். செடி நைட்ரேட்டை உறிஞ்சும்போது அது தானாகவே ஏறும், தினமும் 0.2, 0.3 ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். இறக்குவதற்கு எலுமிச்சைச் சாறும் சிட்ரிக் அமிலமும் முதல் நாள் வேலை செய்யும். நுண்ணுயிர்கள் அதைத் தின்று முடித்ததும் இரண்டாம் நாளே பழைய இடத்துக்கு வந்துவிடும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலம் நிலையானது. கையுறை போட்டுக்கொண்டு, அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும், நீரை அமிலத்தில் அல்ல.

வெப்பத்தை எந்த உரமும் சரிசெய்யாது. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்திருக்கும், 35 டிகிரியில் 6.9 மட்டுமே. வேர் பழுப்பாகி வழவழப்பதும் பித்தியம் எனும் வேரழுகல் கிருமி நுழைவதும் அப்போதுதான். தொட்டியை நிழலுக்கு நகர்த்தி, தெர்மாகோல் சுற்றி, காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனை இரவிலும் ஓடவிடுங்கள்.

கொட்டும் நீரைச் சாக்கடையில் விடாதீர்கள். அதில் இன்னும் நைட்ரஜனும் பொட்டாசியமும் இருக்கும். அதே அளவு சாதா நீர் சேர்த்து மண் தொட்டிகளுக்கு மாற்றி மாற்றி ஊற்றலாம். ஒரே தொட்டிக்கு வாராவாரம் ஊற்றினால் அங்கே போய் உப்பு சேரும். என் வீட்டில் கறிவேப்பிலை, செம்பருத்தி, வாழை என்று முறை வைத்திருக்கிறேன். வாழை மட்டும் எப்போதும் இரண்டு பங்கு வாங்கிவிடுகிறது.